ஆரம்பாக்கம் ஸ்டாப்பில் ஏறுபவர் ஒருவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு வயர் கட்டு செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். என் பதவிக்கு எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ் என்று பெயர். வீட்டில் யாருக்கும் இது விளங்கியதில்லை. திருவள்ளூர் மணவாள நகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருப்பவர் ஒருமுறை, "கம்ப்யூட்டர்ல போடுற வேலதானே?" என்று கேட்டார். என் வேலையை இதைவிடச் சரியாக இதுவரை யாரும் சொன்னதில்லை. மற்றவர்கள் எதையாவது செய்வார்கள். நான் அதைக் கம்ப்யூட்டரில் போடுவேன்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பெங்களூருக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு கீபோர்டு, பாதி தீர்ந்த தலைவலித் தைலம், ஒரு ஸ்கிரிப்ட் ஆகியவற்றை எனக்கு விட்டுப் போனார். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் 'டோன்ட் டச்' என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார். நான் தொடவில்லை. மரியாதையினால் அல்ல, பயத்தினால். நான் படித்தது பி.காம். ஸ்கிரிப்ட் எழுதுவதை யூடியூபில் கற்றுக்கொண்டேன், அதுவும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாட்களில் மட்டும்.

அந்த ஸ்கிரிப்ட் செய்தது இவ்வளவுதான். கம்பெனி வேனில் வருகிறவர்கள் தினமும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட வேண்டும்: எந்த ஸ்டாப், எந்த ஷிப்ட், ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கும் டோக்கன் நம்பர் என்ன. நான் அந்த குரூப்பில் வந்த அத்தனையையும் ஒரு ஃபைலாக எடுத்து ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுப்பேன். அது ஒவ்வொரு வரியாகப் படித்து, எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒரு ஷீட் போட்டு, ஹெச்.ஆர். மேனேஜருக்கு அதுவே மெயிலும் அனுப்பிவிடும்.

வரியிலிருந்து தேவையானதைப் பிடித்து எடுக்கும் வேலையை ஒரே ஒரு பேட்டர்ன் செய்தது. ரெகெக்ஸ் என்பார்கள். அடைப்புக்குறி, சாய்வுக்கோடு, கேள்விக்குறி, பிளஸ் என்று, யாரோ கீபோர்டில் கையை ஊன்றி எழுந்து போனது மாதிரி இருக்கும். அதிலிருக்கும் அடைப்புக்குறிகளுக்கு கேப்சர் குரூப் என்று பெயர். முதல் அடைப்பு பிடித்தது ஸ்டாப், இரண்டாவது பிடித்தது ஷிப்ட், மூன்றாவது பிடித்தது டோக்கன் நம்பர். அவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும்.

ஆடி மாதம் பிறந்த சமயத்தில் மீட்டிங் நடந்தது. எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் நல்ல மனிதர், யாரையும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். ஆனால் எதை நிறுத்துவதானாலும் முதலில், "டேட்டா பேசட்டும்" என்பார். கேன்டீனில் வடை நின்றபோதும் டேட்டாதான் பேசியது. அன்றைக்கு அவர் என் ஷீட்டைச் சுவரில் பெரிதாகக் காட்டி, ஒரு வரியில் சிவப்புப் புள்ளியை வைத்தார். ஆரம்பாக்கம், மதிய ஷிப்ட், ஏறுபவர் ஒருவர். போன மாதம் முழுக்க ஒருவர். அதற்கு முந்தின மாதமும் ஒருவர்.

"ஒரு ஆளுக்காக வேன் எளாவூர் தாண்டி அவ்ளோ தூரம் போய்ட்டு வருது. ஒண்ணாம் தேதியிலேர்ந்து எளாவூரோட திரும்பட்டும்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஷீட் என்னுடையது என்பதால் நான் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினேன்.

அன்று மதிய ஷிப்ட் ஆரம்பித்துச் சற்று நேரத்தில் ஒரு அக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். வயர் கட்டுக்கு டேப் சுற்றும் லைனில் வேலை பார்ப்பவர். விரல்களில் அங்கங்கே கறுப்பு டேப் துண்டுகள் ஒட்டியிருந்தன. சூப்பர்வைசரிடம் பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று முகமே சொன்னது.

"மேடம், ஆரம்பாக்கம் வேன கட் பண்றாங்களாமே?"

"ஆமாக்கா. மேனேஜர் முடிவு."

"ஒருத்திதான் ஏர்றான்னு உங்க கம்ப்யூட்டர்ல வர்தாமே. நான் தெனம் எட்டு நம்பர் போட்டுக்கினு கீறேன். எட்டு போட்டா ஒன்னு காட்டுது. இது இன்னா கணக்கு மேடம்?"

என் கணக்கை யாராவது குறை சொன்னால் எனக்கு முதலில் கோபம் வரும். யோசனை அப்புறம்தான் வரும். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா" என்றேன். இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் கம்ப்யூட்டரோடு வேலை பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள். நான் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார். "மதிய ஷிப்ட் வுடறது ராத்திரி பத்து மணிக்கு மேடம். ஊட்டுக்காரரு லாரியில போறாரு, வந்தா உண்டு வராட்டி இல்ல. அந்நேரத்துக்கு ரயில நம்பி ஒக்காந்தா விடிஞ்சிடும். ஹைவேயில நின்னு எவன் வண்டியிலயாவது ஏறிக்கினு போவ முடியுமா? வேனு இல்லன்னா எனக்கு வேல இல்ல, அவ்ளோதான். அட்த்த மாசம் பர்மனென்ட் பண்றாங்க. அதுல எம்பேரு கீது. இத்தினி வர்ஷம் கான்ட்ராக்ட்ல குப்ப கொட்டினு, இப்ப போய் நின்னுட்டன்னா வேற எடத்துல முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

போனை எடுத்து அவர் போட்ட மெசேஜைக் காட்டினார். "வணக்கம் சார்" என்று ஆரம்பித்தது. பிறகு ஆரம்பாக்கம், பி ஷிப்ட் (எங்களுக்கு ஏ காலை, பி மதியம், சி இரவு), அதன் பின்னால் ஒரே வரியில் எட்டு நம்பர்கள், நடுவில் கமா. எட்டும் எட்டுத்தான். என் ஷீட்டைத் திறந்தேன். ஒன்று.

"ஏங்க்கா, மத்த ஸ்டாப்லயெல்லாம் அவங்கவங்க தனித்தனியா போடறாங்க. நீங்க மட்டும் ஏன் எல்லாருக்கும் சேத்துப் போடறீங்க?"

"ஆளுக்கு ஒன்னு போட்டா போனு டிங்கு டிங்குனு அடிக்குதுன்னு சூப்பர்வைசர் கத்துறாரு. அதான் நானே சேத்து போட்டுடறேன்."

"இதுல உங்க நம்பர் எது?"

"கடைசி. மத்தவங்கள முன்னாடி போட்டுட்டு நம்பள பின்னால போட்டுக்கினாதானே மரியாத?"

நான் பார்க்கிறேன் என்றேன். எங்கள் ஆபீசில் 'பார்க்கிறேன்' என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நன்றி சொல்லாமல் போனார். அது எனக்குச் சுருக்கென்று பட்டது. அதனாலேயே பார்த்தேன்.

முதலில் அந்த எட்டு நம்பரையும் கேட் பஞ்ச்சோடு ஒத்துப் பார்த்தேன். எட்டுப் பேரும் வேலைக்கு வந்திருந்தார்கள். ஆகவே தப்பு ஸ்கிரிப்ட்டில். அடுத்து என் சந்தேகம் 'வணக்கம் சார்' மேல் விழுந்தது. வேறு எந்த ஸ்டாப்காரரும் வணக்கம் சொல்வதில்லை, நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். ஸ்கிரிப்ட்டுக்கு மரியாதை பழக்கமில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டி, பேட்டர்னின் தொடக்கத்தில் வணக்கத்துக்கென்று புதிதாக ஓர் அடைப்புக்குறி போட்டேன். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்தேன். பயபக்தியோடு ஓடவிட்டேன்.

ஷீட் வந்தது. அதில் 'வணக்கம் சார்' என்று ஒரு புதிய ஸ்டாப் இருந்தது. அங்கே ஓடுவது ஆரம்பாக்கம் ஷிப்ட். மற்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் பெயரே இல்லாத ஒரு ஸ்டாப்பில் ஏறினார்கள். அவர்களில் சிலர் எளாவூர் ஷிப்ட், சிலர் கவரைப்பேட்டை ஷிப்ட். டோக்கன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஏ, பி, சி என்று மூன்றே பேர் இருந்தார்கள். மொத்தக் கம்பெனியையும் அந்த மூவர்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதிலும் பி என்பவர் ஒரே மதியத்தில் எல்லா ஸ்டாப்பிலும் ஏறியிருந்தார்.

ஸ்கிரிப்ட் தானாக மெயில் அனுப்பும் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. மேனேஜரிடமிருந்து பதில் வந்துவிட்டது. "பி யார்? நம் ரெக்கார்டில் இல்லையே. கான்ட்ராக்ட் ஆளா?"

டெஸ்டிங் சார் என்று பதில் போட்டேன். எங்கள் தொழிற்பேட்டையில் எந்த அவமானத்தையும் மூட இந்த ஒரு சொல் போதும்.

நடந்தது இதுதான். அடைப்புக்குறிகளை ஸ்கிரிப்ட் இடமிருந்து வலமாக, திறக்கும் வரிசையில் எண்ணுகிறது. நான் முன்னால் புதிதாக ஒன்றைச் சொருகியதும் பழைய ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் முன்னால் வந்து புகுந்தால் நடப்பதுதான். ஸ்கிரிப்ட்டின் மீதிப் பகுதி பழைய எண்களையே நம்பிக்கொண்டிருந்தது. இதற்கு ஒரு வழியும் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தேன். அடைப்பைத் திறந்தவுடன் ஒரு கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் போட்டுவிட்டால் அந்த அடைப்பு அங்கே நிற்கும், தன் வேலையைச் செய்யும், ஆனால் எண்ணிக்கையில் வராது. போட்டேன். பி மறைந்தார். ஊர்கள் ஊர்களாயின. ஆரம்பாக்கத்தில் மறுபடி ஒன்று.

ஆக, குற்றவாளி வணக்கம் இல்லை. கமாவுக்குப் பின்னால் இடைவெளியா என்று பார்த்தேன், இல்லை. கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதாவது போனிலிருந்து கூடவே வருகிறதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. அந்த அக்கா இதற்குள் இரண்டு தடவை என் மேஜையைக் கடந்து போனார். எதுவும் கேட்கவில்லை, ஆபீஸ் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பார்வை மட்டும். ஒண்ணாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் மேல் இல்லை, அவர் ஒன்றும் கேட்காமல் போவதன் மேல்.

விடை பெரியபாளையத்தில் கிடைத்தது. ஆடி வெள்ளிக்கிழமை. திருவள்ளூரிலிருந்து நான் வரும் பஸ் பவானி அம்மன் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. வெளியே மஞ்சள் புடவைகள், வேப்பிலைக் கட்டுகள், மூன்று ஸ்பீக்கரில் மூன்று பாட்டு. நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஆள் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல், ஒரே அடைப்புக்குறியை பிளஸ் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அது கடைசியாகப் பிடித்ததை மட்டுமே கையில் வைத்திருக்கும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். பக்கத்து சீட்டில் பால்குடத்தை மடியில் வைத்திருந்த அம்மா திடுக்கிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு ஸ்டூல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நம்பர் வந்து உட்காருகிறது. இரண்டாவது வந்ததும் முதல் நம்பர் எழுந்து போய்விடுகிறது. இப்படி எட்டும் வந்து உட்கார்ந்து எழுந்து போகின்றன. எல்லாம் முடிந்த பிறகு ஸ்கிரிப்ட் கதவைத் திறந்து, ஸ்டூலில் யார் என்று பார்க்கிறது. எப்போதும் கடைசி ஆள். மரியாதைக்காகத் தன்னைக் கடைசியில் போட்டுக்கொண்டவர். மற்ற ஸ்டாப்களில் ஆளுக்கு ஒரு வரி என்பதால் இந்தக் கோளாறு யார் கண்ணிலும் படவே இல்லை.

ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக மெயிலை நிறுத்தினேன். பிறகு நம்பர் வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் பிடிக்கும்படி வெளியே பெரிய அடைப்பு ஒன்று போட்டு, உள்ளே இருந்ததை எண்ணிக்கையில் வராத அடைப்பாக மாற்றி, பிடித்த வரிசையைப் பிறகு கமா கமாவாக வெட்டினேன். ஓடவிட்டேன். ஆரம்பாக்கம், எட்டு. அந்த எட்டைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பி.காம். ரிசல்ட் வந்த அன்றுகூட அவ்வளவு இல்லை. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் எட்டுத்தான்.

மேனேஜரிடம் காட்டினேன். அவர் ஷீட்டை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணு எப்படிம்மா திடீர்னு எட்டாச்சு?"

கேப்சர் குரூப், பிளஸ், ஸ்டூல் எல்லாவற்றையும் விளக்கினேன். ஸ்டூல் வந்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். டேட்டா பேசட்டும் என்கிறவர்களுக்கு, அது தாங்கள் நினைத்ததற்கு மாறாகப் பேசினால் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

"டிரைவர்கிட்ட கேட்டா வண்டி ஃபுல்லுன்னுதான் சொல்வான், அவன் டிரிப் போவணுமே. ஒண்ணு பண்ணலாம். திங்கக்கிழமை மதியம் வேன்லயே போய் நேர்ல எண்ணிடலாம். நீங்களும் லேப்டாப் எடுத்துக்கிட்டு வாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் எட்டு நேரடியாக நிரூபணமாகப் போகிறது. கேன்டீனில் அந்த அக்காவைத் தேடிப் பிடித்து, கல்யாணப் பத்திரிகை வைக்கிற குரலில் சொன்னேன். "அக்கா, கண்டுபிடிச்சிட்டேன். தப்பு உங்க மேல இல்ல, ஸ்கிரிப்ட்ல. இப்ப எட்டு காட்டுது. திங்கக்கிழமை மேனேஜரே வேன்ல வந்து எண்ணப்போறாரு. இனிமே கவலையே இல்ல."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "நேர்லயா?"

"ஆமா. ஏன்?"

"எட்டு பேரும் தெனம் ஏற மாட்டாங்க மேடம்."

"பின்ன எத்தன பேர் ஏறுவாங்க?"

"மழ பெஞ்சா எட்டு பேரும் ஏறுவாங்க."

"மழ இல்லன்னா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான்."

மற்ற ஏழு பேருக்கும் வீட்டில் பைக் இருக்கிறது. புருஷனோ தம்பியோ கொண்டுவந்து விடுவார்கள், பத்து மணிக்கு வந்து கூட்டிப்போவார்கள். மழை நாளிலும், பைக் மக்கர் பண்ணும் நாளிலும் மட்டும் வேன். பைக் இருந்தும் ஓட்ட ஆள் ஊரில் இல்லாதது இவர் ஒருவருக்குத்தான். எல்லாருக்கும் சேர்த்து இவரே மெசேஜ் போட்டதன் காரணமும் அப்போது விளங்கியது. சூப்பர்வைசர் கத்தியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஸ்டாப்பிலிருந்து தினமும் மெசேஜ் போடும் அவசியம் இருந்தது ஒரே ஒருவருக்கு.

எனக்குக் கோபம் வந்தது. சின்னக் கோபம் இல்லை. இத்தனை நாளும் நான் மண்டையை உடைத்துக்கொண்டது சரியான விடையைத் தப்பாக்குவதற்காக. அந்தப் பழைய ஸ்கிரிப்ட், தனக்கே தெரியாமல், தப்பான வழியில் போய் தினமும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு நம்பரில் உண்மையாக ஏறும் ஒரே ஆளை மட்டும் பிடித்துவைத்திருந்தது. நான் அதைத் திருத்தினேன்.

"என்ன முட்டாளாக்கிட்டீங்களேக்கா. எட்டு பேர் ஏர்றோம்னு எங்கிட்ட சொன்னீங்களே?"

"ஏர்றோம்னு நான் சொல்லல மேடம். எட்டு நம்பர் போடறேன்னுதான் சொன்னேன்."

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். இதனால் கோபம் இன்னும் கூடியது.

"அதுங்களேதான் சொல்லுச்சிங்க, எங்க நம்பரையும் போட்டு வையின்னு. இல்லன்னா மழ காலத்துல வேனு இல்லாம பூடும்னு. தண்ணி லாரிக்கு கொடம் வெச்சிட்டு ஊட்டுக்கு போறதில்லயா மேடம்? கொடம் கீதுன்னா ஆளு கீதுன்னுதானே வரிசையில அர்த்தம்? எவனாச்சும் கொடத்த எட்த்துட்டு நிப்பானா?"

மணவாள நகரில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்தவள்தான் நானும். குடத்துக்குப் பதில் செங்கல்லைக்கூட வைத்திருக்கிறேன். அந்தச் செங்கல்லைத் தாண்டி யாராவது புகுந்தால் தெருவே கேட்கிற மாதிரி சண்டை போட்டிருக்கிறேன். "சரி, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேன் எளாவூரோடு திரும்பும், அந்த அக்கா வேலையை விட்டு நிற்பார், டேட்டா சுத்தமாக இருக்கும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் என் எட்டும் என் மானமும் சந்தி சிரிக்கும். இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. ஒரு ஆளுக்காக ஒரு வேன் போனால்தான் என்ன என்று கேட்க அந்த மீட்டிங்கில் எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் வரவில்லை. அதனால் மழை வரவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். ஆடியில் எங்கள் பக்கம் காற்றுதான் அடிக்கும் என்பது அம்மனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை வெயில் பிளந்தது. கம்பெனியிலிருந்து வேன் காலியாகக் கிளம்பியது. மேனேஜர் முன் வரிசையில் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில், லேப்டாப் என் மடியில். எளாவூர் செக்போஸ்ட் தாண்டியதும் அவர் வயல்களைப் பார்த்து, "இவ்ளோ தூரமா!" என்றார். ஸ்டாப்பில் ஒரே ஒரு உருவம் நிற்பதையும், அதைப் பார்த்து அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பதையும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வேன் ஆரம்பாக்கத்தில் நின்றது. யூனிஃபார்ம் கோட்டு போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு ஏழு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஐ.டி. கார்டு வெளியே தெரியும்படி தொங்கியது. கொஞ்சம் தள்ளி டீக்கடை ஓரம் பைக்குகள் வரிசையாக நின்றன. அவற்றின் பக்கத்தில் சில ஆண்கள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை விலைப்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த அக்கா வேன் கதவைத் தள்ளித் திறந்து, ஓரமாக நின்று ஒவ்வொருவராக ஏற்றினார். "ஏறு, ஏறு. உள்ள தள்ளி ஒக்காரு. எளாவூர்ல ஆளு ஏறும், எடம் வுடு." அவர் மேல் கோட்டு இல்லை. கோட்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்த ஒருத்திக்குத் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. எல்லோரும் ஏறியதும் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம்ணா" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார். கடைசியாக ஏறி, கதவை இழுத்துச் சாத்தி, கதவோரம் இருந்த டூல் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

மேனேஜர் பின்னால் திரும்பி, விரலை நீட்டி நீட்டி எண்ணினார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "அந்தம்மா யாரு? வேன் கான்ட்ராக்டர் ஆளா?"

"இல்ல சார், அவங்களும் நம்ம ஆளுதான்."

"ஆமாமா, எல்லாருமே நம்ம ஆளுங்கதான்" என்று பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு போனில் எதையோ குறித்தார். "ஏழு. உங்க ஸ்கிரிப்ட் எட்டுங்குது. ஒண்ணு கூட வருதே."

வாயைத் திறந்தேன். அந்த அக்கா டூல் பெட்டியிலிருந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக அசைத்தார்.

"பரவால்ல, ஏழு பேர் ஏறினா ஸ்டாப் ஓடட்டும்" என்றார் மேனேஜர். "ஆனா அந்த ஒண்ணை மட்டும் சரி பண்ணிடுங்க. டேட்டா கரெக்டா இருக்கணும்."

"சரி பண்றேன் சார்" என்றேன்.

கம்பெனி கேட்டில் இறங்கினோம். மேனேஜர் முன்னால் போய்விட்டார். அந்த ஏழு பேரும் பஞ்ச் வைக்க ஓடினார்கள். இவர் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"எத்தினி வந்துச்சி மேடம்?"

"ஏழு."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "எட்டு பேரு வந்தமே."

"உங்கள வுட்டுட்டாருக்கா. நீங்க கான்ட்ராக்டர் ஆளுன்னு நெனச்சிட்டாரு. நான் சொல்ல வந்தேன், நீங்கதான் தலைய ஆட்டினீங்க."

உள்ளே போய்க்கொண்டிருந்த மேனேஜரின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வரும்போல இருந்தது.

"வுடுங்க மேடம்" என்றார். "ராத்திரிக்கு வண்டி வருதில்ல?"

"வருதுக்கா."

"அப்பறம் இன்னா?" என்று சொல்லிவிட்டு, தன் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர்களுக்குப் பின்னால் ஓடினார்.